ஸ்கிரீன்ஷாட்டா, பிடிஎஃபா, ரெக்கார்டிங்கா: எதற்கு எது?

பணம் அனுப்பிவிட்டேன் என்று சொன்னால் "ஸ்கிரீன்ஷாட் போடுங்க" என்கிறார்கள். பள்ளி வாட்ஸ்அப் குழுவில் தேர்வு அட்டவணை ஸ்கிரீன்ஷாட்டாகத்தான் வருகிறது. கல்யாண மண்டபத்துக்கு வழி கேட்டால்கூட மேப்பை ஸ்கிரீன்ஷாட் எடுத்து அனுப்புகிறார்கள், லொக்கேஷனையே அனுப்பலாம் என்பது யாருக்கும் தோன்றுவதில்லை. இரண்டு பொத்தானை அழுத்தினால் முடிகிற வேலை என்பதால் கை தானாக அங்கே போகிறது.

அதே போனில் அதே விஷயத்தைப் பிடித்து வைக்க இன்னும் சில வழிகள் இருக்கின்றன. பக்கத்தை உருட்டி எடுக்கும் நீள ஸ்கிரீன்ஷாட், பிடிஎஃபாகச் சேமிப்பது, திரையை வீடியோவாகப் பதிவது, செயலியே தரும் ரசீது, வாட்ஸ்அப் உரையாடலை மொத்தமாக வெளியே எடுப்பது, கடைசியாக இன்னொரு போனால் படம் பிடிப்பது. எதை எடுப்பது என்று முடிவு செய்ய நான் பார்ப்பது ஒன்றுதான்: இதை யாரிடம், எப்போது காட்டப்போகிறேன்? இப்போதே, தெரிந்தவரிடம் என்றால் ஸ்கிரீன்ஷாட் போதும். நாளைக்கு ஒருவர் மறுத்துப் பேசக்கூடும் என்றாலோ, ஆறு மாதம் கழித்துத் தேட வேண்டிவரும் என்றாலோ ஸ்கிரீன்ஷாட்டை மட்டும் நம்பக் கூடாது.

எடுக்கும் முறையை ஒரு பத்தியில் முடித்துவிடலாம். ஆண்ட்ராய்டில் பவர் பொத்தானையும் வால்யூம் குறைக்கும் பொத்தானையும் சேர்த்து அழுத்த வேண்டும். 2011இல் வந்த ஆண்ட்ராய்டு 4.0 முதல் இதுதான் பொது வழி. முகத்தைப் பார்த்துத் திறக்கும் ஐபோன்களில் பக்கவாட்டுப் பொத்தானும் வால்யூம் ஏற்றும் பொத்தானும். ஹோம் பொத்தான் உள்ள பழைய ஐபோன்களில் அதுவும் பவர் பொத்தானும். ஷாவ்மி, ரியல்மி, ஒன்பிளஸ் போன்களில் மூன்று விரலால் கீழே இழுத்தாலும் எடுக்கும். சாம்சங்கில் உள்ளங்கையின் ஓரத்தால் திரையைத் துடைப்பதுபோல் தடவலாம். ஐபோன் 8இலும் அதற்குப் பிறகு வந்தவற்றிலும், ஐஓஎஸ் 14 முதல், முதுகில் இரண்டு தட்டு தட்டினால் எடுக்கும்படி செட்டிங்ஸில் அமைத்துக்கொள்ளலாம். பவர் பொத்தான் பழுதான போன்களுக்கு இந்த விரல் வழிகள்தான் கைகொடுக்கும்.

நீளமான பக்கம் என்றால்

ஒரு திரையில் அடங்காத எதையும் ஐந்தாறு துண்டாக எடுத்து அனுப்புவது பெறுபவருக்குத் தண்டனை. ஆண்ட்ராய்டு 12 முதல் (2021) உருட்டி எடுக்கும் வசதி உள்ளேயே வந்துவிட்டது. சாம்சங் போன்ற நிறுவனங்கள் அதற்கு முன்பே தந்திருந்தன. ஸ்கிரீன்ஷாட் எடுத்ததும் கீழே தெரியும் அம்புக்குறியையோ 'மேலும் எடு' என்பதையோ தொட வேண்டும். எல்லாச் செயலியிலும் இது ஒழுங்காக வேலை செய்யாது. தலைப்புப் பட்டை நடுநடுவே திரும்பத் திரும்ப வரும், சில இடங்களில் ஒரு வரி காணாமல் போகும்.

இன்னொரு சங்கடம் வாட்ஸ்அப். நீளமான படத்தைச் சாதாரணமாக அனுப்பினால் அது சுருக்கி அனுப்பும். பெறுபவர் பெரிதாக்கிப் பார்த்தால் எழுத்தெல்லாம் புகையாகத் தெரியும், தமிழ் என்றால் புள்ளியும் சுழியும் முதலில் போய்விடும். 'ஆவணம்' என்ற வழியில் அனுப்பினால் படம் அப்படியே போய்ச் சேரும். ஐபோனிலும் கூகுள் பிக்சலிலும் ஸ்கிரீன்ஷாட் பிஎன்ஜி கோப்பாகச் சேமிக்கப்படுகிறது. சாம்சங்கில் வழக்கமாக ஜேபெக், வேண்டுமானால் செட்டிங்ஸில் பிஎன்ஜிக்கு மாற்றலாம். எழுத்து நிறைந்த படத்துக்குப் பிஎன்ஜிதான் கூர்மையாக நிற்கும்.

இணையப் பக்கமாக இருந்தால் நான் ஸ்கிரீன்ஷாட் பக்கமே போவதில்லை, பிடிஎஃப்தான். ஆண்ட்ராய்டு குரோமில் பகிர், அச்சிடு, பிடிஎஃபாகச் சேமி என்று மூன்று தொடுதல். ஐபோன் சஃபாரியில் ஸ்கிரீன்ஷாட் எடுத்து, ஓரத்தில் வரும் சின்னப் படத்தைத் தொட்டால் மேலே 'முழுப் பக்கம்' என்று ஒன்று தெரியும். 2019இல் ஐஓஎஸ் 13உடன் வந்தது. ஐஓஎஸ் 17 முதல் அதையே படமாகவும் போட்டோஸில் போட்டுக்கொள்ளலாம். பிடிஎஃபில் சொல்லைத் தேடலாம், எண்ணை நகலெடுக்கலாம், இணைப்பைத் தொட்டால் திறக்கும். தமிழ்ப் பிடிஎஃபுக்கு மட்டும் ஒரு எச்சரிக்கை உண்டு: பழைய எழுத்துரு முறையில் தட்டச்சு செய்த அரசு ஆவணங்களை நகலெடுத்தால் புரியாத எழுத்துகளாகத்தான் ஒட்டும். அங்கே பிடிஎஃபும் படமும் ஒன்றுதான்.

வேலைவாய்ப்பு அறிவிப்புகள் இதில் தனி ரகம். டிஎன்பிஎஸ்சி தன் அறிவிக்கையைப் பிடிஎஃபாகத் தளத்திலேயே போடுகிறது. யாரோ அதில் ஒரு பக்கத்தை மட்டும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து விட, அது ஊரெல்லாம் சுற்றுகிறது. வயது வரம்புச் சலுகை அடுத்த பக்கத்தில் இருக்கும். பின்னால் வந்த திருத்த அறிவிப்பு அந்தப் படத்தில் எப்படியும் இருக்காது. இணைப்பை அனுப்புவதற்கு இதைவிடக் குறைந்த நேரம்தான் ஆகும். பார்வையற்றவர்கள் போனைப் பேசவைத்துக் கேட்கிறார்கள். எழுத்தாக அனுப்பினால் போன் வாசித்துக் காட்டும், படமாக அனுப்பினால் பல நேரம் 'படம்' என்று சொல்லிவிட்டு நின்றுவிடும். குடியிருப்போர் சங்கக் குழுவில் தண்ணீர் வராத நாளை அறிவிக்கிறவர்கள் இதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளலாம்.

பணம் அனுப்பிய சாட்சி

யுபிஐயில் பணம் போனதும் பச்சை டிக் சுழன்று வரும். எல்லோரும் அந்தத் திரையைத்தான் எடுக்கிறார்கள். அதில் தொகையும் பெயரும் இருக்கும், வேண்டியது பல நேரம் இருக்காது. வங்கியோ செயலியின் புகார்ப் பிரிவோ கேட்பது 12 இலக்கப் பரிவர்த்தனை எண்ணை. யுடிஆர் என்றும் சொல்வார்கள். வரலாறு பகுதிக்குப் போய் அந்தப் பரிவர்த்தனையைத் திறந்தால் எண், தேதி, நேரம், இரு பக்கத்து வங்கி விவரம் எல்லாம் ஒரே பக்கத்தில் வரும். எடுப்பதானால் அதை எடுங்கள்.

பணம் கழிந்து பெறுபவருக்குப் போய்ச் சேராத நேரத்தில் தேதிக்குத்தான் விலை. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் போட்ட விதிப்படி, தனிநபருக்கு அனுப்பியது சேரவில்லை என்றால் மறுநாளுக்குள் கணக்கில் திரும்பி வர வேண்டும். கடைக்கு அனுப்பியதானால் ஐந்து நாள். அதைத் தாண்டினால் நாளுக்கு 100 ரூபாய் வங்கி தர வேண்டும். எந்த நாள் என்பதே தெரியாத பச்சை டிக்கை வைத்துக்கொண்டு இதைக் கேட்க முடியாது.

வாங்குகிறவர் பக்கம் நின்று பார்த்தால் கணக்கே வேறு. எதிரில் நிற்பவர் நீட்டும் ஸ்கிரீன்ஷாட் கடைக்காரருக்கு எதையும் நிரூபிப்பதில்லை. பெயரையும் தொகையையும் தட்டினால் அச்சு அசலாக வெற்றித் திரை வரைந்து தரும் போலிச் செயலிகள் சுற்றுகின்றன. நேற்றைய படத்தைக் காட்டிவிட்டு நடப்பவர்களும் இருக்கிறார்கள். அதனால்தான் மளிகைக் கடை முதல் இளநீர் வண்டி வரை பேசும் பெட்டி வந்தது. பெட்டி பேசியதா, இல்லை தன் வங்கியிலிருந்து குறுஞ்செய்தி வந்ததா என்பதை மட்டும் பார்த்தால் போதும். பழைய பைக், போன் விற்கிறவர்களிடம் பெட்டி இருக்காது. அவர்கள் தங்கள் செயலியில் இருப்பைப் பார்த்த பிறகே சாவியைக் கொடுக்க வேண்டும். எதிரில் இருப்பவர் "ஸ்கிரீன்ஷாட் அனுப்பிட்டேனே அண்ணே, சர்வர் லேட்டு" என்று அவசரப்படுத்தினால் இன்னும் நிதானமாகப் பாருங்கள்.

செயலியில் உள்ள 'ரசீதைப் பகிர்' பொத்தான் ஸ்கிரீன்ஷாட்டைவிட ஒரு வகையில் மேல். மேல்பட்டையில் உங்கள் பேட்டரி, வந்து கிடக்கும் மற்ற அறிவிப்புகள் எதுவும் வெளியே போகாது. நம்பகத்தன்மையில் இரண்டும் ஒன்றுதான், அதுவும் படம்தானே. வாடகை, பள்ளிக் கட்டணம், சீட்டுப் பணம் போன்ற பெரிய தொகைக்கு மாதம் ஒருமுறை வங்கிக் கணக்கு விவரத்தைப் பிடிஎஃபாக இறக்கி வைத்துக்கொண்டால் வேறு எதுவும் தேவைப்படாது.

டிக்கெட்டும் அடையாள அட்டையும்

முன்பதிவு செய்த ரயில் டிக்கெட்டுக்குச் சிக்கல் குறைவு. ஐஆர்சிடிசி அனுப்பும் குறுஞ்செய்தியோ, மின்டிக்கெட்டோ, கூடவே அசல் அடையாள அட்டையோடு காட்டினால் போதும். பரிசோதகர் கையில் பட்டியல் இருக்கிறது. செயலியில் எடுக்கும் முன்பதிவில்லா டிக்கெட் அப்படி இல்லை, செயலியைத் திறந்து அதற்குள்ளேயே காட்ட வேண்டும். ஒருவர் எடுத்த டிக்கெட்டின் படத்தை நாலு பேர் வைத்துக்கொண்டு ஏறிவிடக் கூடாதல்லவா? மின்சார ரயிலில் சிக்னல் போகிற இடத்தில் திறக்காது என்று பயந்து ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைப்பதைவிட, ஏறும் முன்பே செயலியில் டிக்கெட்டைத் திறந்து வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம்.

ஓட்டுநர் உரிமத்துக்கும் இதே கதை. டிஜிலாக்கர், எம்பரிவாகன் என்ற இரண்டு அரசுச் செயலிகளில் எதில் காட்டினாலும் அசலுக்குச் சமமாக ஏற்க வேண்டும் என்று மத்திய போக்குவரத்து அமைச்சகம் 2018இலேயே மாநிலங்களுக்குச் சொல்லிவிட்டது. அந்த மதிப்பு செயலிக்குள் இருக்கும் ஆவணத்துக்குத்தான், கேலரியில் கிடக்கும் அதன் ஸ்கிரீன்ஷாட்டுக்கு இல்லை.

ஆதாருக்கு வேறு வழி. லாட்ஜில், கூரியர் கடையில் கேட்கிறார்கள் என்று முழு எண் தெரியும் படத்தை அனுப்பாமல், ஆதார் ஆணையத்தின் தளத்தில் 'மறைத்த ஆதார்' இறக்கிக்கொள்ளலாம். கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும். கறுப்பு மையால் கிறுக்கி மறைப்பதைவிட அது மேல். ஏன் என்பது கீழே வருகிறது.

பேச்சுவார்த்தை தகராறு ஆனால்

இங்கேதான் ஸ்கிரீன்ஷாட்டை நம்பிப் பலர் கோட்டைவிடுகிறார்கள். வீட்டு முன்பணத்தைத் திருப்பித் தருகிறேன் என்று உரிமையாளர் வாட்ஸ்அப்பில் எழுதியிருக்கிறார், இப்போது மறுக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் ஸ்கிரீன்ஷாட்டை உற்றுப் பாருங்கள். மேலே 'ஹவுஸ் ஓனர்' என்று இருக்கிறது. அது நீங்கள் சேமித்த பெயர். எந்த எண்ணையும் எவரும் அந்தப் பெயரில் சேமிக்கலாம். செய்திக்குப் பக்கத்தில் மாலை 6:42 என்று நேரம் இருக்கிறது, தேதி இல்லை. நடுவில் மிதக்கும் தேதிக் கட்டத்தில் 'நேற்று' என்று எழுதியிருக்கிறது. எந்த நாளுக்கு நேற்று?

ஆகவே எடுக்கும்போது மூன்று காரியம் செய்ய வேண்டும். பெயரைத் தொட்டு உள்ளே போய், தொலைபேசி எண் தெரியும் பக்கத்தை ஒரு படம். தேதிக் கட்டம் தெரியும்படி உரையாடலை மேலே இழுத்து, முந்தைய இரண்டு மூன்று செய்தியும் சேர்த்து ஒரு படம். நீங்கள் அனுப்பியதை நீண்ட நேரம் அழுத்தி 'தகவல்' பார்த்தால் எப்போது போய்ச் சேர்ந்தது, படித்ததைக் காட்டும் வசதியை அவர் அணைக்காமல் இருந்தால் எப்போது படித்தார் என்பதும் வரும். அதை ஒரு படம். ஒரு வாரம் கழித்து எடுத்தால் தேதிக் கட்டத்தில் 'நேற்று', கிழமை எல்லாம் போய் முழுத் தேதியே வந்துவிடும். ஆனால் எதிராளி அதற்குள் செய்தியை அழித்துவிடும் அபாயம் உண்டு என்பதால் உடனே ஒன்று, பிறகு ஒன்று என்று இரண்டு முறை எடுப்பதுதான் பாதுகாப்பு.

இதோடு 'உரையாடலை ஏற்றுமதி செய்' என்பதையும் செய்துவிடுங்கள். படங்கள் இல்லாமல் எடுத்தால் கடைசி 40,000 செய்திகள் வரை, படங்களோடு எடுத்தால் 10,000 வரை, வரிக்கு வரி தேதி நேரத்தோடு ஒரே கோப்பில் வரும். குழப்பமான நீண்ட பேச்சில் யார் எப்போது என்ன சொன்னார் என்று கண்டுபிடிக்க இதைவிட நல்ல வழி இல்லை. ஆனால் அது வெறும் எழுத்துக் கோப்பு, யாரும் திருத்தலாம். எதிர்ப்பக்கம் கூடுதல் தனியுரிமை வசதியை இயக்கியிருந்தால் ஏற்றுமதியே நடக்காது. எனவே ஒன்றுக்கு ஒன்று துணையாக இரண்டும் வேண்டும்.

இந்திய நீதிமன்றத்தில் மின்னணுப் பதிவின் நகலைச் சான்றாகத் தர ஒரு சான்றிதழ் வேண்டும். பழைய சாட்சியச் சட்டத்தில் 65பி பிரிவு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷிய அதினியத்தில் 63ஆம் பிரிவு. உச்ச நீதிமன்றம் 2014இல் பி.வி. அன்வர் வழக்கிலும், 2020இல் அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கிலும் இதை உறுதியாகச் சொன்னது. இரண்டாவது தீர்ப்பில் ஒரு விலக்கும் இருக்கிறது: போனின் சொந்தக்காரரே சாட்சிக் கூண்டில் ஏறி அசல் கருவியைக் காட்டினால் சான்றிதழ் தேவையில்லை. அன்றாட வாழ்க்கைக்கு இதன் அர்த்தம், ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டோமே என்று உரையாடலை அழிக்காதீர்கள், போனை எக்ஸ்சேஞ்சில் போடாதீர்கள். பணமோசடி என்றால் நீதிமன்றம் வரை காத்திருக்க வேண்டாம், சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு உடனே அழைக்க வேண்டும். அங்கும் அவர்கள் முதலில் கேட்பது பரிவர்த்தனை எண்தான்.

வெட்டியது, மறைத்தது

ஸ்கிரீன்ஷாட்டில் ஒரு பகுதியை வெட்டினால் அது போய்விட்டது என்று நினைக்கிறோம். கூகுள் பிக்சல் போன்களில் இருந்த திருத்தும் கருவி பல ஆண்டுகள் அப்படிச் செய்யவில்லை. வெட்டிய சிறிய படத்தைப் பழைய கோப்பின் மேலேயே எழுதியது, மிச்சம் இருந்த பழைய தரவை நீக்காமல் விட்டது. கோப்பு கிடைத்தவர் வெட்டிய பகுதியில் கொஞ்சத்தை மீட்டுவிடலாம். 'ஏக்ரோபலிப்ஸ்' என்று பெயர் வைத்து 2023 மார்ச்சில் இது வெளியானது, கூகுளும் அந்த மாதமே சரிசெய்தது. விண்டோஸ் 11இன் ஸ்னிப்பிங் டூலிலும் இதே ஓட்டை இருந்தது. சரிசெய்ததால் அதற்கு முன் அனுப்பிய படங்கள் மாறிவிடவில்லை.

அதைவிடச் சாதாரணமான ஓட்டை ஹைலைட்டர். கறுப்பு நிறம் தேர்ந்தெடுத்து நாலு முறை தேய்த்தால் கண்ணுக்கு மறைந்துவிடும். வெளிச்சத்தை ஏற்றி மாறுபாட்டைக் கூட்டினால் கணக்கு எண் தெரியும், ஏனென்றால் அந்தப் பேனா பாதி ஊடுருவும் நிறம். மறைக்க வேண்டுமானால் நிரப்பிய கட்டத்தை வைத்து மூடுங்கள். அதற்குப் பிறகு அந்தப் படத்தையே மீண்டும் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து அதை அனுப்புங்கள். பழைய தரவு எதுவும் அதில் இருக்க வழியில்லை.

திரையை வீடியோவாகப் பதிவது

ஐபோனில் 2017 (ஐஓஎஸ் 11) முதல், ஆண்ட்ராய்டில் 2020 (ஆண்ட்ராய்டு 11) முதல் இது உள்ளேயே இருக்கிறது. ஒரு செயலி திடீரென்று உறைகிறது, ஒரு பொத்தான் மூன்றில் ஒரு முறைதான் வேலை செய்கிறது என்பதை வாடிக்கையாளர் சேவைக்குக் காட்ட இதற்கு ஈடில்லை. ஆண்ட்ராய்டில் 'தொடும் இடத்தைக் காட்டு' என்பதை இயக்கிவிட்டால் விரல் பட்ட இடமெல்லாம் புள்ளியாகத் தெரியும். பதிவதற்கு முன் அறிவிப்புகளை நிறுத்திவிடுவது நல்லது.

ஊரில் இருக்கும் அப்பாவுக்கு மின்கட்டணம் கட்டச் சொல்லித் தருவதற்கு மட்டும் வீடியோ வேண்டாம் என்பேன். அவர் வீடியோவைப் பார்த்து, நிறுத்தி, செயலிக்கு மாறி, திரும்பி வருவதற்குள் எங்கே நின்றோம் என்று மறந்துவிடும். நாலு ஸ்கிரீன்ஷாட், ஒவ்வொன்றிலும் தொட வேண்டிய இடத்தில் சிவப்பு வட்டம், மேலே 1, 2, 3, 4. அதையே பிரிண்ட் எடுத்துச் சுவரில் ஒட்டிக்கொள்ளவும் முடியும்.

வங்கிச் செயலிகளில் பலவும் ஸ்கிரீன்ஷாட், திரைப் பதிவு இரண்டையும் அனுமதிக்காது. 'பாதுகாப்புக் கொள்கையால் ஸ்கிரீன்ஷாட் எடுக்க முடியாது' என்று வரும், அல்லது வெறும் கறுப்புத் திரை விழும். வாட்ஸ்அப்பில் ஒருமுறை மட்டும் பார்க்கும் படங்களும் அப்படித்தான். அந்தத் தடையெல்லாம் மென்பொருளுக்குத்தான், பக்கத்தில் இருக்கும் இன்னொரு போனின் கேமராவுக்கு இல்லை. வங்கித் திரையில் வந்த பிழைச் செய்தியைக் கிளை அலுவலரிடம் காட்ட அதுவே வழி. ஒருமுறை படம் அனுப்பினால் பத்திரம் என்று நம்புகிறவர்களும் இதை யோசிக்க வேண்டும்.

கேலரியில் கிடப்பவை

உடனே காட்டி முடிந்துவிடும் படங்களை வைத்திருக்கவே தேவையில்லை. ஐஓஎஸ் 16 முதல் ஐபோனில், எடுத்ததும் 'நகலெடுத்து அழி' என்று ஒரு தேர்வு உண்டு. வாட்ஸ்அப்பில் ஒட்டிவிட்டால் வேலை முடிந்தது, கேலரியில் எதுவும் மிஞ்சாது. ஆண்ட்ராய்டில் கூகுள் போட்டோஸ் வைத்திருப்பவர்கள் ஸ்கிரீன்ஷாட் கோப்புறையின் பேக்கப்பைத் தனியாக நிறுத்திவைக்கலாம். 15 ஜிபி இலவச இடத்தை அது வீணாகத் தின்னாது.

பாஸ்வேர்டு, ஏடிஎம் பின், வங்கி அட்டையின் இரு பக்கம், கிரிப்டோ கணக்கின் மீட்புச் சொற்கள் ஆகியவற்றை ஸ்கிரீன்ஷாட்டாக வைப்பதை விட்டுவிட வேண்டும். 2025 பிப்ரவரியில் காஸ்பர்ஸ்கி நிறுவனம் 'ஸ்பார்க்கேட்' என்ற தீம்பொருளைப் பற்றிச் சொன்னது. கூகுள் பிளே, ஆப்பிள் ஆப் ஸ்டோர் இரண்டிலும் இருந்த சில செயலிகளுக்குள் அது ஒளிந்திருந்தது. கேலரிக்கு அனுமதி வாங்கிக்கொண்டு, படங்களில் உள்ள எழுத்தைப் படித்து, மீட்புச் சொற்கள் இருக்கும் படங்களை மட்டும் பொறுக்கி அனுப்பியது. இவற்றுக்குப் பாஸ்வேர்டு மேலாளரோ, அதுவும் பிடிக்காவிட்டால் பீரோவில் ஒரு நோட்டோ போதும்.

ஏற்கெனவே அப்படி எடுத்து வைத்திருந்தால் இன்றே அழித்துவிடுங்கள். அழித்த படம் உடனே போய்விடாது. ஐபோனில் 'சமீபத்தில் அழித்தவை' என்பதில் 30 நாள் வரையும், கூகுள் போட்டோஸில் பேக்கப் ஆன படம் குப்பைத் தொட்டியில் 60 நாள் வரையும் கிடக்கும். அதையும் திறந்து காலி செய்ய வேண்டும். வாட்ஸ்அப்பில் யாருக்காவது அனுப்பியிருந்தால் அந்த பாஸ்வேர்டையே மாற்றிவிடுவது சுலபம்.